நீங்கள் கேட்கவில்லையே!

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு தூக்கு விளக்கு தொங்குகிறது. பித்தளைச் சங்கிலி, பூ வேலை செய்த வளையம், அதன் நடுவே எண்ணெய் ஊற்றும் குடம், மேலே பால் நிறக் கண்ணாடிக் குடை. மண்ணெண்ணெய்க்காகப் பிறந்து, பிற்பாடு மின்சாரத்துக்கு மாற்றப்பட்ட விளக்கு. மூன்று வருஷங்களுக்கு முன் 38,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விற்றவர் அன்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "200 வருஷம் சார். பெல்ஜியம். ஊதிச் செஞ்ச கண்ணாடி. செட்டிநாட்டுப் பெரிய வீட்டுச் சாமான். இந்த மாதிரி இனிமே கிடைக்காது."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அம்மாள் மர ஸ்டூலில் ஏறி ஈரத் துணியால் அதைத் துடைத்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டூல் உருளும் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"விளக்கு கடிக்குது சார்" என்றார்.

உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. தெய்வாதீனம் என்று என் மனைவி சொன்னாள். மர ஸ்டூல் என்று மின்சார வேலைக்காரர் சொன்னார். விளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார்: "இதை மாட்டினவனைப் பிடிச்சு உள்ளே போடணும் சார்."

எண்ணெய்க் குடத்தின் அடியில் துளை போட்டு அதன் வழியாகக் கம்பியை இழுத்திருந்தார்கள். துளை போட்டவர்கள் அதன் விளிம்பை அரம் வைத்து ராவவில்லை. பித்தளைப் பிசிறு கத்தி மாதிரி நின்றது. அது மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பியின் உறையை அறுத்து, கடைசியில் செம்பைத் தொட்டுவிட்டது. 'எர்த்' கம்பி என்பது அந்த விளக்குக்குள் இல்லவே இல்லை. 230 வோல்ட் முழுவதும் பித்தளையின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. பூ வேலையும் பெல்ஜியமும் 200 வருஷமும் சேர்ந்து ஓர் ஏழைப் பெண்ணின் கைக்காகக் காத்திருந்தன.

அதன் பிறகுதான் எனக்கு அந்த விளக்கின் ஜாதகத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றிற்று. பித்தளைப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். எழுபது வயசுக்காரர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலாலேயே பார்க்கிறவர். அரைமணி நேரத்தில் என் 38,000 ரூபாயைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலகையில் பரப்பிவிட்டார்.

எண்ணெய்க் குடம் பழசு. பர்னரும் பழசு. இரட்டைத் திரி பர்னர், நல்ல வேலை என்று தடவிக் கொடுத்தார். வளையம் புதிய வார்ப்பு. அதைக் குடத்தோடு இணைத்திருந்த திருகாணிகளின் தலையில் கூட்டல் குறி மாதிரிக் காடி இருந்தது. மெக்கானிக்குகள் ஸ்டார் ஸ்க்ரூ என்று சொல்கிறார்களே, அதுதான். அது அமெரிக்காவில் 1930-களில் வழக்கத்துக்கு வந்த சாதனம். வளையத்தின் மேல் படிந்திருந்த கருமை, பழமையின் கருமை என்று நான் பூரித்துப்போன கருமை, கொஞ்சம் புளியைக் கரைத்துத் தேய்த்ததும் ஒரே நிமிஷத்தில் தண்ணீரோடு போய்விட்டது. கண்ணாடிக் குடையின் உள்விளிம்பில் ஒட்டுக் காகிதத்தைக் கிழித்த பசை இருந்தது. அந்தப் பசையில் இரண்டு இந்தி எழுத்துக்கள் மிஞ்சியிருந்தன. பெல்ஜியத்தில் எந்தக் காலத்தில் இந்தி வழங்கியதோ, எனக்குத் தெரியாது.

'200 வருஷம்' என்ன ஆயிற்று? அதற்குப் பட்டறைக்காரர்கூட வேண்டாம். நானே வீட்டில் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். மண்ணெண்ணெய் விளக்கை முதலில் செய்தவர் லுகாசியேவிச் என்ற போலந்துக்காரர், வருஷம் 1853. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் துளைபோட்டு எண்ணெய் எடுத்து, மண்ணெண்ணெய் மலிந்தது 1859-க்குப் பிறகு. பர்மிங்காம் நகரத்து ஹிங்க்ஸ் கம்பெனி இரட்டைத் திரி பர்னருக்குக் காப்புரிமை வாங்கியது 1865-ல். அப்படியிருக்க, மண்ணெண்ணெயே பிறக்காத காலத்தில் என் மண்ணெண்ணெய் விளக்கு பிறந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். நான், நாலெழுத்துப் படித்தவன், நாவல் எழுதிப் பிழைக்கிறவன், தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வைத்தேன்.

மறுவாரம் அந்தக் கடைக்குப் போனேன். கடையின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். அவர் ஒருவர் மட்டும் செய்கிற காரியமாக இருந்தால் நான் இந்தக் கட்டுரையே எழுதமாட்டேன். அவர் சண்டை போடவில்லை. காப்பி வரவழைத்துக் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, ஒரு குழந்தைக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார்:

"சார், நான் பொய் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஒயரு யார் போட்டதுன்னு கேட்டீங்களா? கண்ணாடி மாத்தினதான்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. நீங்க கேட்கலையே!"

'நீங்கள் கேட்கவில்லையே' என்ற இந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

இது ஏதோ ஒரு கடைக்காரரின் சமயோசிதமான பதில் என்று நினைக்காதீர்கள். இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. வெறுமே மௌனமாக இருப்பது மோசடி ஆகாது என்று அங்கே ஒரு விளக்கம் உண்டு. அதற்கு உதாரணமாக ஒரு குதிரையை நிறுத்தியிருக்கிறார்கள். ஒருவன் தன் குதிரைக்கு ஏதோ கோளாறு என்று தெரிந்தே ஏலத்தில் விற்கிறான், வாய் திறக்கவில்லை, அது மோசடி அல்ல. ஆனால் அடுத்த உதாரணத்தைப் பாருங்கள். வாங்குகிறவள் அவனுடைய சொந்த மகள், அப்போதுதான் வயசுக்கு வந்தவள் என்றால், குதிரையின் கோளாற்றைச் சொல்லவேண்டிய கடமை அவனுக்கு உண்டு. அதற்கும் அடுத்த உதாரணத்தில், "நீ மறுக்கவில்லை என்றால் குதிரை நல்ல குதிரை என்றே எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவன் சொல்ல, விற்கிறவன் பேசாமல் நிற்கிறான். அங்கே மௌனமே பேச்சுக்குச் சமம் ஆகிவிடுகிறது.

நம் ஊர்ச் சந்தையிலும் மாடு விற்கிறார்கள். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான், நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறான். அவனுக்கும் மாடு தெரியும், இவனுக்கும் மாடு தெரியும். இரண்டு பேரும் சரிசமம். அங்கே 'நீ பார்த்துத்தானே வாங்கினாய்' என்று சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

பழைய விளக்கு விஷயம் அப்படியா? விளக்கின் வயிற்றுக்குள் எந்தக் கம்பி ஓடுகிறது என்று எந்தப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது? அதைப் பிரித்தவர் அவர். கூட்டியவர் அவர். கறுப்பு ஏற்றியவர் அவர். எங்கே உடைந்தது, எதனால் ஒட்டியது என்பதெல்லாம் உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்த ஒரே மனிதர், தெரியாதவனைப் பார்த்து 'நீ கேட்கவில்லையே' என்கிறார். என்ன கேட்கவேண்டும் என்பது தெரிந்திருந்தால் நான் ஏன் அவர் கடைக்குப் போகிறேன்? பட்டறைக்கல்லவா போயிருப்பேன்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடவேண்டும். பழைய விளக்கைப் பழுது பார்ப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. பழுது பார்க்காவிட்டால்தான் பாவம். எண்பது வருஷத்துக்கு முந்தைய துணி சுற்றிய கம்பியை, 'அசல்' என்று பெருமைப்பட்டுக்கொண்டு அப்படியே விடுகிறவன் வீட்டைக் கொளுத்துகிறவன். அதனுள்ளே இருக்கும் ரப்பர் உறை, தொட்டால் மரவள்ளி அப்பளம் மாதிரி நொறுங்கும். கம்பியை மாற்றத்தான் வேண்டும். எர்த் கொடுக்கத்தான் வேண்டும். உடைந்த சிம்னிக்குப் பதில் வேறு சிம்னி போடத்தான் வேண்டும். பர்னர் தளர்ந்து ஆடினால் இறுக்கத்தான் வேண்டும். இதைச் செய்கிறவர்கள் கலைஞர்கள். அவர்கள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

நம் ஜனங்களுக்குப் பழுது பார்ப்பது புதிய விஷயமும் அல்ல. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் நம் பாட்டிகள் ரசம் வைத்ததில்லை. தேருக்கு வடம் மாற்றுகிறோம், அச்சு மாற்றுகிறோம், மரம் மாற்றுகிறோம். தேர் அதே தேர். யாரும் ஏமாறுவதில்லை. ஏன்? ஊர் அறிய மாற்றுகிறோம். கோயிலில் ஒரு மண்டபத்தைச் செப்பனிட்டால், எந்த வருஷம், யார் திருப்பணி என்று கல்லில் வெட்டி வைக்கிறோம். கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் வாங்கிக் கொடுத்தால்கூட, 'உபயம்' என்று அதன் மேலேயே, வெளிச்சம் பாதி மறைகிற மாதிரி எழுதிவிடுகிற பரம்பரை நாம். அப்படிப்பட்ட நாட்டில், ஒரு பழைய விளக்குக்குப் புதுக் கண்ணாடியும் புது வளையமும் போட்டவர் மட்டும் தம் திருப்பணியைச் சொல்லிக்கொள்ளாமல் இவ்வளவு அடக்கமாக இருப்பானேன்?

பொய்யில் இருக்கிற லாபம் மெய்யில் இல்லை என்று அவர் நினைக்கிறார். வேறு காரணம் எதுவும் இல்லை.

இதில் எனக்கு இன்னும் கோபம் தருவது, நம் கைவேலைக்கு இழைக்கப்படும் அவமானம். உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் பித்தளை வேலை செய்கிறார்கள். பிரோஜாபாத்தில் கண்ணாடி வேலை செய்கிறார்கள். வளையலும் செய்கிறார்கள், சரவிளக்கும் செய்கிறார்கள். உலையின் முன்னால் நின்று உடம்பு வேக அவர்கள் செய்த குடையைத்தான் என் விளக்கில் மாட்டியிருந்தார்கள் போலும். மோசமான குடை அல்ல. அழகான குடை. அதை 'பிரோஜாபாத் வேலை சார், புதுசு' என்று சொல்லி விற்றிருந்தால் நானும் வாங்கியிருப்பேன், செய்தவனுக்கும் ஒரு பெயர் கிடைத்திருக்கும். அவனுடைய பெயரைக் கிழித்து எறிந்துவிட்டு, பெல்ஜியம் என்ற பெயரை ஒட்டினார்கள். பெல்ஜியத்தில் லியேஜ் நகருக்குப் பக்கத்தில் வால் செயின்ட் லம்பேர் என்ற கண்ணாடித் தொழிற்சாலை 1826-லிருந்து புகழோடு இருந்தது உண்மை. ஆனால் நம் நாட்டுக்கு வந்த விளக்கெல்லாம் அங்கிருந்தா வந்தது? பொஹீமியாவிலிருந்து வந்தது, பிரான்சின் பக்கராவிலிருந்து வந்தது, பர்மிங்காமின் ஆஸ்லர் கம்பெனி கல்கத்தாவிலேயே கடை வைத்திருந்தது. இப்போது கடைவீதியில் கண்ணாடியாக இருப்பதெல்லாம் பெல்ஜியம். பித்தளையாக இருப்பதெல்லாம் செட்டிநாடு.

செட்டிநாடு என்றதும் இந்த வியாபாரத்தின் மறுபக்கம் ஞாபகத்துக்கு வருகிறது. விற்பதில் உள்ள பொய்யைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். வாங்குவதில் உள்ள பொய் அதைவிடக் கொடியது.

அந்த வீடுகள் எப்படி எழுந்தன என்பது வாசகர்களுக்குத் தெரியும். பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து கொண்டுவிற்ற நகரத்தார், பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக் கல்லும் ஐரோப்பியக் கண்ணாடியும் கொண்டுவந்து கட்டியவை. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தார்கள். 1948-ல் அங்கே நிலத்தைத் தேசியமயமாக்கும் சட்டம் வந்தது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. பணம் வந்த வழி அடைபட்டுப்போயிற்று. வீடுகள் மட்டும் நின்றன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர். பராமரிக்க யாரும் இல்லை. தூண் தூணாக, நிலை நிலையாக, விளக்கு விளக்காக அவை காரைக்குடிக் கடைவீதிக்கு வந்து சேர்ந்தன. விற்றவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. கூரை ஒழுகும்போது சரவிளக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்படி விற்ற ஓர் ஆச்சியை எனக்குத் தெரியும். எண்பதைத் தாண்டியவர். வீட்டில் தனியாக இருந்தார். வியாபாரி வந்தார். கூடத்தில் தொங்கிய ஜோடி விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். "என்ன ஆச்சி, எல்லாம் பழைய பித்தளை. இதுக்கெல்லாம் இப்ப மவுசு இல்லை. எடைக்கு எடுத்துக்கிறேன்" என்றார். தராசு வந்தது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிறுத்தார். கண்ணாடிக்கு விலை இல்லையாம். நிறுத்த பிறகு, "சரி, உடைஞ்சு கால்ல குத்திடப் போவுது" என்று கண்ணாடியையும் பரோபகாரமாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஆச்சி ஒரு கல்யாணத்துக்காக ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனார். வாசல் மண்டபத்தில் அவருடைய விளக்கு தொங்கியது. கீழே ஒரு பலகை. 200 ஆண்டுப் பழமை என்று எழுதியிருந்தது. என்னிடம் சொல்லும்போது ஆச்சி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "எங்க அப்பச்சி ரங்கூன்லேர்ந்து கொண்டாந்த விளக்கு தம்பி. அப்பச்சிக்கே அவ்வளவு வயசு ஆகலை. எங்க வீட்டை விட்டுப் போனதும் அதுக்கு வயசு கூடிப்போச்சு!"

வாங்கும்போது தராசு, விற்கும்போது சரித்திரம். ஒரே விளக்கு, ஒரே வியாபாரி, ஒரே வாய். ஆச்சியிடம் அவர் பொய் சொன்னாரா? 'ஆச்சி கேட்கவில்லையே' என்பார். ஆச்சிக்கு என்ன தெரியும், கேட்க? அவர் கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி, 'இதை நீ என்ன விலைக்கு விற்பாய்?' என்பது. மரியாதை உள்ளவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அந்த மரியாதையைத்தான் அவர் எடை போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

லாபம் வைக்கவேண்டாம் என்று நான் சொல்வேனா? வண்டிக்கூலி, பட்டறைக் கூலி, கடை வாடகை, விற்காமல் கிடக்கும் வருஷங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு பங்கு, மூன்று பங்கு வைக்கட்டும். வள்ளுவர் வணிகருக்கு ஒரு குறள் ஒதுக்கியிருக்கிறார். அதை அவர் வைத்த இடம் நடுவுநிலைமை அதிகாரம். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்று அதற்குக் கருத்து. லாபத்தை அவர் எங்கும் மறுக்கவில்லை. தராசைப் பற்றித்தான் பேசினார்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப்பொருளும் தொல்பொருள் ஆகலாம். தொல்பொருள் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். தனி மனிதர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. இப்போது என் பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'பித்தளை விளக்கு - 1'. அவ்வளவுதான். வாயில் 200 வருஷம். காகிதத்தில் வயசே இல்லை. வாடிக்கைக்காரனுக்கு ஒரு விளக்கு, சர்க்காருக்கு ஒரு விளக்கு. இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருக்கவேண்டும். என் விஷயத்தில் காகிதம்தான் மெய் சொல்லிற்று என்பது வேடிக்கை.

இன்னொரு வேடிக்கை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறைகேடான வியாபாரம் எது எது என்று வரிசையாகச் சொல்கிறது. பழைய சாமானையும் செப்பனிட்ட சாமானையும் புதுசு என்று சொல்லி விற்பது அதில் ஒன்று. சட்டம் எழுதியவர்கள் உலகத்தை அறிந்தவர்கள்தான். பழசைப் புதுசு என்று சொல்வான் மனிதன் என்று எதிர்பார்த்தார்கள். புதுசைப் பழசு என்று சொல்வான் என்பதைத் தனியாக எடுத்துச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. ஆனாலும் தரத்தையும் வகையையும் பற்றிப் பொய்யாகச் சொல்வதும் அதே வரிசையில் இருக்கிறது, அதுவே போதும். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும், வர்ணித்து விற்ற சரக்கு வர்ணனைக்குப் பொருந்தியிருக்கவேண்டும் என்கிறது. சட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. வர்ணனை காகிதத்தில் இல்லை என்பதுதான் பஞ்சம்.

இவ்வளவு நேரம் வியாபாரியைத் திட்டினேன். கை தட்டிக்கொண்டு படித்திருப்பீர்கள். இப்போது நம் முறை.

அவர் ஏன் 200 வருஷம் என்றார்? நாம் அதைக் கேட்க விரும்பினோம். ஏன் கறுப்பு ஏற்றினார்? கறுப்பாக இருந்தால்தான் பழசு என்று நாம் நம்புகிறோம். யோசித்துப் பாருங்கள். நம் வீட்டு விளக்கு என்றைக்குக் கறுத்துக் கிடந்தது? வெள்ளிக்கு வெள்ளி புளியும் சாம்பலும் போட்டு, கை வலிக்கத் தேய்த்து, பொன்னாக மின்ன வைத்து அல்லவா நம் தாய்மார்கள் ஏற்றினார்கள்? மூன்று தலைமுறை தேய்த்த விளக்கு பளபளப்பாகத்தான் இருக்கும். அன்னத்தின் அலகும் இதழின் நுனியும் மழுங்கிப்போயிருக்கும். பரணில் போட்டு மறந்த விளக்கு கறுக்கும், வாஸ்தவம். ஆனால் கை பட்ட இடத்தில் தேய்மானம் இருக்கிறதா என்று யாராவது பார்க்கிறோமா? கறுப்பைப் பார்த்து மயங்குகிறோம். யாரோ வெள்ளைக்காரனின் ரசனையை நம் ரசனை என்று எண்ணிக்கொண்டு, அம்மாவின் கையைக்கூட அடையாளம் கண்டுகொள்ள முடியாமல் போய்விட்டோம்.

நானே யோக்கியன் இல்லை. அந்த விளக்கை மாட்டிய புதிதில் வீட்டுக்கு வந்தவர்கள், "குடும்பச் சொத்தா?" என்று கேட்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. சும்மா சிரித்தேன். என் பாட்டனார் வீட்டில் எரிந்தது இரண்டு அரிக்கேன் விளக்கும் ஒரு காமாட்சி விளக்கும். வாங்கிய விளக்கோடு ஒரு பாட்டனாரையும் சேர்த்து வாங்கிவிட்டேன். அவர்கள் திரும்பக் கேட்கவில்லையே! ஆக, கடைக்காரர் எனக்குச் செய்ததை நான் விருந்தாளிகளுக்குச் செய்தேன். அன்று அவர் கடையில் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோது இது எனக்கு உறைத்தது. அதனால்தான் உரக்கச் சண்டை போட முடியவில்லை.

"உண்மையைச் சொன்னால் எவன் சார் வாங்குவான்?" என்பது கடைசி வாதம். இதற்குப் பதிலை நான் இன்னோர் ஊரில், ஒரு சின்னக் கடையில் கண்டேன். அங்கே ஒவ்வொரு விளக்கிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது. 'குடம் பழசு. பர்னர் பழசு. சிம்னி புதுசு. சங்கிலி வேறு விளக்குடையது. ஒயர் நான் போட்டது, எர்த் உண்டு. குடத்தில் துளை போடவில்லை.' மண்ணெண்ணெய் விளக்கைத் துளைக்காமலே மின்சாரத்துக்கு மாற்ற வழி இருக்கிறது. பர்னர் இருக்கும் இடத்தில் பல்ப் ஹோல்டரைப் பொருத்தி, கம்பியை வெளிப்பக்கமாக இறக்கிவிடலாம். நாளைக்கு வேண்டாம் என்றால் கழற்றிவிட்டுத் திரியே போட்டுக்கொள்ளலாம். விளக்குக்குக் காயம் இல்லை. என் கண் முன்னாலேயே ஓர் அம்மாள் உடைந்து ஒட்டிய குடை ஒன்றை, ஒட்டு எங்கே என்று அவரே காட்டிய பிறகு, வாங்கிக்கொண்டு போனார். ஒட்டு தெரியாத இடத்தில், ரூபாய் நோட்டைச் சோதிக்கிற ஊதா விளக்கைப் பிடித்தும் காட்டினார். புதுக் காலத்துப் பசைகள் பல அந்த ஒளியில் வெளிறிப் பளிச்சென்று தெரியும்.

"இப்படிச் சொன்னால் நஷ்டம் இல்லையா?" என்று கேட்டேன்.

"விலை கொஞ்சம் கம்மியாத்தான் வரும் சார். ஆனா நான் வித்த விளக்கை யாரு திருப்பிக் கொண்டாந்தாலும் பத்துப் பர்சென்ட் கழிச்சுட்டு நானே எடுத்துக்கிறேன். பொய் சொல்லி வித்தவன் அப்படி எடுத்துக்குவானா, கேட்டுப் பாருங்க" என்றார்.

அவர் பி.ஏ. படித்தவர் அல்ல. ஒப்பந்தச் சட்டத்தின் குதிரையும் மகளும் அவருக்குத் தெரியாது. வாங்க வருகிறவர்களை மகளாக வைத்தே பேசுகிறார், அவ்வளவுதான்.

ஆகையால் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. சங்கம் வேண்டாம், புதுச் சட்டம் வேண்டாம். பில்லில் நாலு வரி போதும். எது பழசு, எது புதுசு. எங்கே உடைந்து ஒட்டியது. கம்பி யார் போட்டது, எர்த் உண்டா. வயசு தெரியுமா, தெரிந்தால் எதை வைத்து. தெரியாவிட்டால் 'தெரியாது' என்று எழுதலாம்; அது அவமானம் அல்ல. வாங்குகிறவர்கள் இந்த நாலு வரி இல்லாமல் பணத்தை எடுக்காமல் இருந்தால், ஒரு வருஷத்தில் கடைவீதி மாறும். ஆச்சியிடம் வாங்கப் போகிறவரும் அதே நாலு வரியை முதலில் ஆச்சியிடம் சொல்லட்டும். தராசை வெளியே வைத்துவிட்டு வரட்டும்.

என் விளக்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. பட்டறைப் பெரியவர் துளையின் பிசிறை ராவி, ரப்பர் வளையம் வைத்துக் கொடுத்தார். மின்சார வேலைக்காரர் புதுக் கம்பியும் எர்த்தும் போட்டார். வேலை பார்க்கும் அம்மாள் முதலில் பக்கத்திலேயே வரவில்லை. நான் எரிகிற விளக்கைக் கையால் பிடித்துக் காட்டிய பிறகுதான் துடைக்கச் சம்மதித்தார். இப்போதும் முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, அணைந்துவிட்டதா என்று என்னை ஒரு தரம் கேட்டுக்கொண்டுதான் ஸ்டூலில் ஏறுகிறார். கேட்பது நியாயம்தான்.

மேலே கூரையோடு சேருகிற கிண்ணத்துக்குள் ஒரு காகிதத்தை மடித்து வைத்திருக்கிறேன். 'குடமும் பர்னரும் பழசு, 1865-க்குப் பிந்தியவை. வளையம், சங்கிலி, கண்ணாடி புதுசு. கம்பி மாற்றியது நான். எங்கள் குடும்பச் சொத்து அல்ல. கடையில் வாங்கியது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் என் பிள்ளைகள் இதை விற்பார்கள். வாங்க வருகிறவருக்கு எதைக் கேட்பது என்று தெரிந்திருக்காது. கேட்காமலே அவருக்குப் பதில் கிடைக்கட்டும்.